முதல் அடி என்னுடையது

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று தென்காசியில் எனக்கு மூன்று கடைகள், மேலகரத்தில் மாடி வீடு. எவன் தயவிலும் வந்ததில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் தலையெடுத்தேன். சிவகிரியிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள்கூட, நான் கிடைக்கும்வரை துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அப்படி இருந்தவன் ஒருநாள் ஒரு தப்புச் செய்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நாடு விடுதலையாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆடி மாதம், நல்ல சாரல். பேரருவிப் பக்கம் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நாலு வயசுப் பெண்பிள்ளை ஒன்று தனியாக நின்று அழுதது. யார் பிள்ளை, யார் பிள்ளை என்று எல்லாரும் கேட்டார்களே தவிர, ஒருத்தரும் தூக்கவில்லை. நான்தான் தூக்கித் தோளில் வைத்தேன்.

“ஏட்டி, யாரைத் தேடுத?”

“அம்மைய.”

பெண்கள் குளித்துவிட்டு வருகிற வழியில் கொண்டுபோய் நின்றேன். ஈரத் தலையோடு வந்த ஒவ்வொருத்தியையும் பார்த்து ‘அம்ம’ என்று கை நீட்டியது. கிட்டே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு அம்மாள் தன் துண்டால் அதன் தலையைத் துவட்டிவிட்டாள். பழக்கடைக்காரர் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார். பத்துப் பதினைந்து பேர் எங்களோடு சேர்ந்து சுற்றினார்கள்.

“சரி, ஒங்கப்பா எப்படி இருப்பாரு?”

“பெரிய மீசை.” இரண்டு கன்னத்திலும் விரலால் இழுத்துக் காட்டியது.

கண்ணில் பட்ட மீசைக்காரர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டோம். “எனக்கு ஏழு இருக்குலே, எட்டாவதையும் என் தலையில கட்டாத” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தோம்.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒருவன் ஓடிவந்தான். மொட்டைத் தலை, மழித்த முகம், ஈர வேட்டி. வந்த வேகத்தில் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தான். அது வீறிட்டு என் தலைமுடியைப் பற்றிக்கொண்டது.

“எம் பிள்ளை. குடுங்க.”

“ஏட்டி, இவரா ஒங்கப்பா?”

“இல்ல, இல்ல!”

“பிள்ள புடிக்கிறவம்லே, விடாதீங்க!” என்று பின்னால் ஒரு குரல்.

நான் நியாயம் பேசுகிறதாக நினைத்து, “இவ அம்மையக் கூட்டிட்டு வாரும், தாரேன்” என்றேன்.

அவன் வாய் கோணியது. “அவ சாம்பலைத்தான் அண்ணாச்சி, இப்பம் ஆத்துல கரைச்சிட்டு வாரேன்.”

“எப்படிக் கதை உடுதான் பாரு!” என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

அவன் மறுபடி பிள்ளையைப் பிடித்தான். நான் அறைந்தேன். முதல் அடி என்னுடையது. அப்புறம் யார் யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. அதுவரை பிள்ளைக்காகச் சுற்றிய அதே ஆட்கள்தான். பழக்கடைக்காரரும் அடித்தார். கீழே விழுந்தவன் அடியைத் தடுக்கவில்லை; பிள்ளையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

படித்துறையில் சவரம் செய்கிறவர் கத்தியும் கையுமாக ஓடிவந்தார்.

“அடிக்காதீங்கய்யா! அவரு மீசைய நாந்தான் இப்பம் எடுத்தேன். பொண்டாட்டி செத்துப் போயிட்டாய்யா. பிள்ளையப் படியில உக்கார வச்சிருந்தாரு. முங்கி எந்திரிச்சுப் பாக்காரு, காணல.”

கூட்டம் கலைந்துபோனது. நான்தான் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். உதடு கிழிந்திருந்தது. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீங்கிய வாயில் குரலும் வேறாகிப் போயிருந்தது. பிள்ளை என் கழுத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.

கடையத்துப் பக்கம் ஊர் என்றார். பஸ் நிற்கிற இடம்வரை நான் பிள்ளையைச் சுமந்தேன். கிட்டே வந்தால் அழுகிறது என்று அவர் நாலடி தள்ளியே நடந்தார். பஸ்ஸில் ஏறி, அவர் மடியில் நானே அதை இறக்கினேன். என் பனியனை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன்.

“ஒங்கப்பாதான்ட்டி. நல்லாப் பாரு.”

பார்க்கவில்லை. பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என்னை நோக்கிக் கையை நீட்டிக் கதறியது. அவர் அதன் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கூடப் போய், இவர்தான் இதன் அப்பா என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் இறங்கிவிட்டேன்.