கலிங்கை அடைத்தவன்

மூட்டை என்ற பெயரை அக்காக்காரி முதன்முதலாகக் கேட்டது, தங்கைக்கு வரன் பேசிய அன்றுதான். பேச வந்த சித்தப்பா, "பையன் தங்கம். சுரங்கத்துல வேலை. மூட்டைன்னு கேட்டா மலை முழுக்கத் தெரியும்" என்றார்.

"ஏன் சித்தப்பா, கட்டி வைக்கறதுக்கு மனுஷனே கிடைக்கலையா?" என்றாள் அக்கா. உள்ளறையில் தங்கை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு விழுந்து உருண்டது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆள் என்னவோ ஒல்லிதான். பெயர் வந்தது வேலையால். அந்த மலையின் தலையைத் தோண்டித் தாது எடுத்தார்கள். மரமும் புல்லும் போன மண், மழை விழுந்தால் கேட்பாரற்று ஓடும். அதை வாய்க்கால் வெட்டித் திருப்பி, பாதி வழியில் கரை போட்ட பெரிய குட்டையில் விட்டிருந்தார்கள். சேறு அடியில் தங்கிவிடும். தெளிந்த தண்ணீர், கரையில் தாழ்வாகக் கல் பாவிய கலிங்கு வழியாக ஓடைக்கு இறங்கும். மண் அரிக்கிற இடமெல்லாம் சாக்கில் மண் நிரப்பி அடுக்குவது அவன் வேலை.

குட்டைக்கு நேர் கீழே தொழிலாளர் வீடுகள். கரையை ஒட்டிய கடைசி வரிசையில், வாசலில் நின்றால் கரை தெரிகிற வீட்டில் தங்கை குடித்தனம் வைத்தாள். அக்கா வீடு எதிர் மேட்டில்.

வெயில் காலத்தில் அங்கே குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அதனால் மழை ஓயும் சமயம் அவன் கலிங்கின் வாயை இரண்டு வரிசை மண்சாக்கு வைத்து அடைத்துவிடுவான். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். துவைக்க, கழுவ எல்லா வீட்டுக்கும் அதுதான். அடுத்த மழைக்கு முன்னால் சாக்கை எடுத்துவிட வேண்டும். மேற்பார்வையாளர் கண்டும் காணாததுபோல் இருப்பார். அவர் வீட்டுத் துணியும் அந்தத் தண்ணீரில்தான் வெளுத்தது.

தங்கைக்குப் பெண் பிறந்த வருஷம் குட்டையில் சேறு பாதிக்கு மேல் ஏறிவிட்டது. அள்ள வேண்டிய எந்திரத்தைத் தாது ஏற்ற மேலே கொண்டுபோய்விட்டார்கள். கோடையில் ஒரு சின்ன மழை பெய்து, சாக்கு விளிம்புவரை தண்ணீர் நின்றது. மேலே நின்ற அந்த ஒரு முழம்தான் நல்ல தண்ணீர். அடியில் இருந்ததெல்லாம் குழம்பு.

அவன் கடப்பாரையைத் தோளில் போட்டபோது அக்காவும் அங்கே இருந்தாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் தங்கை.

"சாக்கை எடுக்கணும். மேகம் கூடுது."

"மேகம் தினமும்தான் கூடுது, கலையுது. இருக்கற தண்ணியையும் விட்டுட்டா இவ துணியை எதுல அலசறது? உங்க வேர்வையிலயா?"

பக்கத்து வீட்டுக்காரி கதவோரம் நின்று ஒத்து ஊதினாள். "நல்லாக் கேளு! இந்த மனுஷனுக்கு மண்ணைப் பாத்தாத்தான் பாசம்."

அவன் அக்காவைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்கக்கா."

அக்காவின் புடவையை அப்போதுதான் குழந்தை நனைத்திருந்தது. "ரெண்டு நாள் பொறுத்தா என்ன, குடியா முழுகிடும்? விடுங்க மாப்பிள்ளை."

கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான்.

தங்கை கொஞ்சம் கண் அயரட்டும் என்று மறுநாள் காலையில் அக்கா குழந்தையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். மத்தியானம் வானம் உடைந்தது. மலைச்சரிவு மொத்தமும் செம்மண் குழம்பாக இறங்குவதை அவள் வாசலிலிருந்து பார்த்தாள். கலிங்கில் அவன் குனிந்து நின்று குத்திக்கொண்டிருந்தான். நனைந்து இறுகிய சாக்கு கல்லாகிக் கிடந்தது. வழி கிடைக்காத தண்ணீர் கரைமேல் ஏறி ஓர் ஓரமாகக் கீறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீறல் பள்ளமாயிற்று, அப்புறம் அந்தப் பக்கம் கரையே இல்லை. கலிங்கின் கல்மேல் நின்று அவன் கீழே பார்த்துக் கத்துவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

கடைசி வரிசை முழுக்கச் சேற்றுக்குள் போயிற்று. தங்கையைக் கட்டிலோடுதான் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியை அதற்கும் பிறகு.

விசாரணைக்கு வந்தவர்கள், "அடைக்கச் சொன்னது யாரு? எடுக்க வேண்டாம்னது யாரு?" என்று கேட்டார்கள். மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார். அக்கா குழந்தையோடு முன்னால் வந்தாள்.

"குழந்தையை வெயில்ல வச்சுக்கிட்டு இங்க என்ன வேலை? உள்ள போங்கக்கா" என்று அவன் அதட்டினான். பிறகு அவர்களிடம், "யாரும் சொல்லலைங்க. நானா வச்சேன், நானா விட்டேன்" என்றான்.

அக்கா உள்ளே போய்விட்டாள்.

சிறைக்குப் போய் வந்தான். சுரங்கத்தில் மறுபடி சேர்க்கவில்லை. பெண் அக்காவிடம் வளர்கிறாள். அவன் இப்போது அடிவாரத்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் வண்டி கழுவுகிறான். அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறான்.