விட்டுப்போன பேர்

எங்க பக்கத்து வீட்டு அருளானந்தம் அண்ணனுக்கு மோட்சம் நிச்சயம். அவரே சொல்லுவாரு. மாசத்து முதல் வெள்ளிய நாங்க தலைவெள்ளின்னு சொல்லுவோம். ஒன்பது தலைவெள்ளி விடாம பூசை கண்டு நன்மைங்கிற நற்கருணை அப்பம் வாங்கினா நல்ல சாவு உண்டு, அது இருதய ஆண்டவரான இயேசு குடுத்த வாக்குன்னு எங்க கத்தோலிக்க சனத்துக்கு நம்பிக்கை. அண்ணன் ஒன்பதையும் முடிச்சு, மறுபடியும் முடிச்சு, திருஇருதய சபைக்கே தலைவரா உக்காந்துட்டாரு. கழுத்துல சிவப்பு நாடா, அதுல பதக்கம். டிக்கெட் எடுத்துப் பையில வச்சிருக்கிற ஆள் மாதிரி ஒரு நடை. அந்த நடையைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஆனா நான் சொல்ல வந்தது அவரைப் பத்தி இல்ல, அவர் பொண்டாட்டி லூர்தம்மாக்காவைப் பத்தி. சின்னப் புள்ளையில, செய்யாத தப்புக்கு முட்டி போடுன்னு கன்னியாஸ்திரி சொன்னப்ப, மணி அடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்த பொம்பள அது.

அவங்களுக்கு ஒரே மக, ஞானசௌந்தரி. எழுபத்தெட்டுல விழிதியூர் இளையபெருமாளை ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டா. டிராக்டர் மெக்கானிக், இந்துப் பையன், தங்கமான புள்ள. அண்ணன், "எனக்கு மகளே இல்ல"ன்னுட்டாரு. சரி, கோவம், ஆறிடும்னு இருந்தோம். ஆறல. மறுவருஷம் அவ நிறைமாசமா நிக்கிறா. தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வரணுமா இல்லியா? அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாங்க.

"இது ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த வீடு, லூர்து. அவ காலு இங்க படக்கூடாது."

பாருங்க அநியாயத்தை! கோவம் இவரோடது, பழி ஆண்டவர் மேல.

அது ஜூன் மாசம், இருதய ஆண்டவர் மாசம். சபைக்காரங்க நாங்க வீடு வீடா போவோம். எல்லார் வீட்டுலயும் ஆண்டவர் படம் ஒண்ணு மாட்டி, கீழ சின்ன சிவப்பு பல்பு எரியும். அதுக்கு முன்னால முட்டி போட்டு, குடும்பத்துல இருக்கிறவங்க, வெளியூர்ல இருக்கிறவங்க, செத்தவங்க எல்லார் பேரையும் சொல்லி ஒப்புக்கொடுக்கணும். ஒரு பேர் விட்டுப் போனாலும் அண்ணன் விடமாட்டாரு. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஆண்டவருக்குக் கணக்குல யாரும் கொறையக்கூடாது"ம்பாரு.

மாசக் கடைசியில அண்ணன் வீடு. அண்ணனே கணீர்னு வாசிச்சாரு. பிரான்சுல இருக்கிற மச்சான் பேர் வந்துச்சு. சைகோன்ல செத்துப்போன சித்தப்பா பேர் வந்துச்சு. ஆமென்னு சொல்ல வாயைத் திறந்தோம்.

"ஒரு பேர் விட்டுப் போச்சு"ன்னாங்க அக்கா.

"அவ்வளவுதான் பேரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அண்ணன் முகம் கறுத்துப் போச்சு. "ஆமென்"ன்னாரு. நாங்க யாரும் சொல்லல. அக்கா எழுந்தாங்க. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, படத்தைக் கழட்டி முந்தானையில துடைச்சு இடுப்புல வச்சுக்கிட்டாங்க.

"நீங்க தலைவெள்ளியோட இருங்க. நான் ஆண்டவரைக் கூட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போறேன்."

கடைசி பஸ்ஸைப் பிடிச்சுப் போயே போயிட்டாங்க. எனக்கு விசிலடிக்கணும் போல இருந்துச்சு.

அண்ணன் சும்மா இருந்தாரா? யார் கேட்டாலும், "படத்துக்குக் கண்ணாடி மாத்தக் குடுத்திருக்கு"ன்னாரு. வெறும் ஆணிக்குக் கீழ பல்பு எரியுது, அதுக்கு முன்னால முட்டி போட்டு ஜெபமாலை சொல்றாரு! அடுத்த தலைவெள்ளிக்கு நன்மையும் வாங்கிட்டு வந்தாரு. சாமியாரே ஒருநாள், "கண்ணாடி இன்னுமா வரல?"ன்னு கேட்டுட்டாரு. மறுநாள் காலையில அண்ணன் என் வாசல்ல வந்து நின்னாரு.

"அற்புதம், விழிதியூர் வரைக்கும் துணைக்கு வர்றியா? படத்தை வாங்கிட்டு வந்துடலாம்."

போனோம். இளையபெருமாள், "வாங்க மாமா"ன்னு எழுந்தான். அண்ணன் அவனைப் பார்க்கவே இல்ல. அக்கா வாசப்படியில குறுக்க நின்னாங்க.

"படத்தைக் குடு, லூர்து."

"உள்ள இருக்கு. மக பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, கொண்டாருவா."

அண்ணன் குடையை மடக்கினாரு, விரிச்சாரு. வெயில் மண்டையைப் பொளக்குது. என்னைப் பார்த்தாரு. நான் எதுக்குப் பேசணும்? கடைசியில தொண்டைக்குள்ளயே என்னமோ முனகினாரு.

"காதுல விழல. வீடு வீடா வாசிப்பீங்களே, அந்த சத்தத்துல சொல்லுங்க."

தெருவே வேடிக்கை பார்க்குது. அந்த மனுஷன் உதடு கோணிக்கிச்சு, கண்ணு கலங்கிருச்சு.

"ஞானசௌந்தரி!"

கத்தினாரு. குரல் உடைஞ்சு போச்சு. உள்ளேயிருந்து அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சுவரைத் தாங்கித் தாங்கி வந்து நின்னா. "அப்பா"ன்னா. அண்ணன் ரெண்டு கையையும் நீட்டினாரு. படத்துக்கு நீட்டினாரா, மகளுக்கு நீட்டினாரான்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது.

அக்கா அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்கல. வாசப்படியை விட்டு விலகி நின்னு சொன்னாங்க:

"மொதல்ல மகளைக் கூட்டிக்கிட்டுப் போங்க. படம் அவ கையில வரும்."