யாருடைய ஆஹா?

சமாதான காலம் என்று எல்லாரும் சொன்ன அந்த நாலைந்து வருசத்தில் நான் கிளிநொச்சியில் ஒரு ரெக்கோடிங் கடை வைத்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அது பெரிய காரியம்தான். கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பாட்டு அடித்துக் கொடுப்பது, பிறகு ஒரு பழைய கொம்பியூட்டர் வந்த பின் சீடி அடித்துக் கொடுப்பது, இவ்வளவுதான் தொழில். ஆனால் யாராவது ஒரு கசெற்றைக் கையில் தந்தால் எனக்குப் பயம் பிடித்துவிடும். மெஷின் நாடாவை இழுத்துச் சிக்கவைத்துவிட்டால்? இருப்பதே இந்த ஒன்றுதான் என்றால்? நாடா உரசுகிற ஹெட்டைப் பஞ்சால் துடைப்பேன். துடைத்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி துடைப்பேன். அதற்குள் வந்த ஆள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருப்பார்.

என்னைக் கூடுதலாகப் பயமுறுத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓவசியர் ஐயா. குளக்கட்டு வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். நாதஸ்வரமும் தவிலும் தவிர வேறொன்றையும் சங்கீதமென்று ஒப்புக்கொள்ளமாட்டார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் வீட்டுச் சாமானை விட்டுவிட்டுக் கசெற்றுகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். பூச்சி அண்டாமலிருக்க அவற்றைப் பால்மாத் தகரப் பேணிக்குள் காய்ந்த செத்தல் மிளகாயோடு போட்டு வைத்திருப்பார். பேணியைத் திறந்தால் கடையிலுள்ள எல்லாரும் தும்முவோம். அவர் மட்டும் தும்மமாட்டார்.

மற்றவரை நானா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணா என்பதுபோல. முல்லைத்தீவுக்காரர். முஸ்லிம் சனம் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது புத்தளத்துக்குப் போய், பதின்மூன்று வருசம் கழித்துத் திரும்பியிருந்தார். மோட்டார் சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊரூராக விற்பார். வியாழக்கிழமைகளில் என் கடை வாசலில் மூட்டையை இறக்கி இளைப்பாறுவார்.

அப்படியொரு வியாழக்கிழமை ஓவசியர் ஐயா தன் பேணியிலிருந்து ஒரு கசெற்றை எடுத்துப் போடச் சொன்னார். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோயிலொன்றின் திருவிழாக் கச்சேரி. மைக் செற்காரர் ரெக்கோட் பிடித்தது. பிரதிக்குப் பிரதியாகக் கைமாறி வந்ததில் பாட்டைவிட இரைச்சல் கூட. மழை பெய்யும்போது தவில் அடிப்பதுபோல இருக்கும். ஐயாவுக்கு அதில் ஒவ்வொரு அடியும் பாடம். "இப்ப குழந்தை அழும்" என்பார், அழும். "இனி வெடி" என்பார், வெடிக்கும். "வழியில நிக்கிற மாட்டு வண்டிலை எடுக்கச் சொல்லி அறிவிப்பாங்கள், அது முடிய கல்யாணி ராகம்" என்பார். அப்படியே நடக்கும்.

பிறகு தனித்தவில். அது உச்சத்துக்குப் போகிற இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல், "ஆஹா!" என்று கத்தும்.

வாசலில் சீலை மடித்துக்கொண்டிருந்த நானா எழும்பிவிட்டார்.

"தங்கச்சி, அது நான்!"

ஓவசியர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "எது நீர்?"

"அந்த ஆஹா. நான்தான் போட்டது."

"விசர்க் கதை. அது நான். தவிலுக்குப் பக்கத்தில இருந்து தாளம் போட்டனான். பதினைஞ்சு வருசமா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வாறன்."

"நீங்க சொன்னா உங்கட குரலாயிடுமா? நான் தேர்முட்டியடியில கண்ணாடிக் காப்புக்கடை போட்டிருந்தன்."

"காப்புக்கடையிலயிருந்து கத்தினா மைக்குக்கு எட்டுமோ? காப்பு விக்கக் கத்தியிருப்பீர்."

"கடையை மச்சானிட்டக் குடுத்திட்டு முன்னுக்கு வந்து நிண்டன். அண்டைக்கு ஒரு டசின் காப்பு உடைஞ்சு போச்சு, அந்தத் தவிலாலதான்!"

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதே வழக்கு. வெளியே நின்று கேட்டால் காணிச் சண்டை என்றுதான் நினைப்பார்கள். ஐயாவுக்கு அந்தக் குரல் ஒரு பட்டம்போல. நானாவுக்கு என்னவென்று ஒருநாள் ஐயா இல்லாத நேரத்தில்தான் சொன்னார். "வீடு இல்ல, கடை இல்ல, கலியாணப் படம்கூட இல்ல, தங்கச்சி. நான் அந்த ஊரில இருந்தனான் எண்டு காட்ட அந்த ஒரு சத்தம்தான் இருக்கு." சொல்லிவிட்டு, மறுபடி சீலை மடிக்கத் தொடங்கினார். எனக்கு அதற்குப் பிறகு இரட்டிப்புக் கவலை. ஒருவர் வென்றால் மற்றவர் பொய்யராவார். நானாவாக இருந்தால் பொய்யரானது மட்டுமல்ல, இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து ஐயாவின் மருமகன் ஒரு சீடி கொண்டுவந்தார். அதே கச்சேரி. அங்கே யாரோ முதற்பிரதியைக் கண்டுபிடித்து, கொம்பியூட்டரில் இரைச்சலைக் கழுவி, கலர் மட்டை போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ஐயா அந்தச் சீடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார், செத்த எலியைப் பிடிப்பதுபோல.

"அங்க ஜாஸ் எண்டொரு சங்கீதமாம், பிள்ளை. அதின்ர பழைய ரெக்கோட்டுகளையும் இப்பிடித்தான் கழுவிக் கழுவித் திருப்பித் திருப்பி விக்கிறாங்களாம். பழசுதான் நல்லது, புதுசுதான் நல்லது எண்டு வயசு போனதுகள் அடிபடுறாங்களாம். மருமகன் சொல்லிச் சிரிக்கிறார்."

"ஆர் சரியாம், ஐயா?"

"இதென்ன கேள்வி? பழசுக்காரன்தான். இது கழுவின சீலை. சாயம் போயிருக்கும்."

நானா விடவில்லை. "ஓவசியர் ஐயா, சீலை எனக்குத் தெரியும். சாயம் போறது மட்டச் சீலை. நல்ல சீலை கழுவக் கழுவத்தான் மினுங்கும். போடுங்கோ கேப்பம், ஆருடைய குரலெண்டு தெரிஞ்சிடும்."

"போடட்டும். உம்மடை குரலெண்டு கேட்டா நான் இந்த வாசல் மிதிக்கமாட்டன்."

"உங்கட எண்டு கேட்டா நானும்தான்."

சீடி பிளேயர் பழுது என்று சொன்னேன். பழுதேயில்லை. அடுத்த வியாழனும் பழுது என்றேன். மூன்றாவது வியாழன் நானா துணிமூட்டையை அவிழ்த்தார். உள்ளே, ஆறு சாரத் துணிக்கு நடுவில், யாரிடமோ இரவல் வாங்கிய பிளேயர் ஒன்று பத்திரமாக இருந்தது. "பாவம் தங்கச்சி, எவ்வளவு நாள் பழுதோடு இருப்பீங்க" என்றார். அதற்குமேல் நான் என்ன செய்ய?

சீடியைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். "தேயப்போகுது, போடும் பிள்ளை" என்றார் ஐயா.

சீடி ஓடத் தொடங்க, மழை நின்றுவிட்டது. அப்படித்தான் இருந்தது. நாதஸ்வரக்காரர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. நானாவின் முகம் மலர்ந்துகொண்டு போக, ஐயாவின் முகம் இறுகிக்கொண்டு போனது.

"குழந்தை எங்க?" என்றார் ஐயா. குழந்தை இல்லை. வெடியும் இல்லை. "வண்டிலையும் எடுத்துப்போட்டாங்கள்!" என்று துடையில் அடித்தார். "வண்டில் இல்லாமல் கல்யாணி எங்க தொடங்கிறதெண்டு ஒருத்தனுக்கு எப்பிடித் தெரியும்?"

"தொடங்கினதும் தெரியும்தானே" என்றார் நானா.

தனித்தவில் வந்தது. அந்தக் குரலையும் கழுவியிருப்பார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கழுவவில்லை. "ஆஹா!" பக்கத்தில் நின்று கத்தியதுபோல வந்தது.

"நான்!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

ஒரு இளந்தாரியின் குரல். இவர்கள் இருவருக்கும் இப்போது அந்தக் குரல் இல்லை. திரும்பப் போட்டேன். திரும்பவும் இருவரும் "நான்". நாலாவது முறை ஐயா விரலை மடக்கித் தாளம் போடத் தொடங்கினார். தாளம் திரும்பத் தொடங்கும் சமத்துக்கு வந்து கை துடையில் விழவேண்டிய இடத்தில், விழாமல் அந்தரத்தில் நின்றது.

"இதென்ன ஜிங் எண்டு ஒரு சத்தம்?"

"கைத்தாளம் ஐயா. தவிலுக்குப் பக்கத்தில தட்டுறவை" என்றேன் நான்.

"என்ர கசெற்றில அது இல்லை."

"இரைச்சலுக்குள்ள தாண்டு மறைஞ்சுபோயிருக்கும்."

இன்னொரு தரம் போடச் சொன்னார். இப்போது எனக்கும் பிடிபட்டது. ஜிங் என்று சமம் விழுகிறது. ஆஹா அதற்கு முன்னமே விழுந்துவிடுகிறது. கொஞ்சம்தான், அரை மாத்திரை இருக்கும். தவிலின் கடைசி அடிக்கோவையான தீர்மானம் முடிந்துவிட்டதென்று நினைத்து, முடியமுன்னம் யாரோ கத்தியிருக்கிறார்.

"மாத்திப்போட்டாங்கள்" என்றார் ஐயா. "கழுவேக்கை குரலைத் தள்ளி ஒட்டிப்போட்டாங்கள். இதைத்தான் நான் சொன்னனான். கழுவினா எல்லாம் இடம் மாறும்."

நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது. ஆனால் மெஷின் பழகிய கை சும்மா இருக்கவில்லை. "ஐயா, உங்கட கசெற்றைத் தாங்கோ. ட்ரெபிளைக் கூட்டிப் பாப்பம்."

பேணி திறந்தது. நானும் நானாவும் தும்மினோம். கசெற்றை ஓடவிட்டு, பாஸைக் குறைத்து, மணிச்சத்தங்களை எடுத்துக்காட்டும் ட்ரெபிளை முழுவதும் திருகினேன். இரைச்சல் காதைக் கிழித்தது. அதற்குள்ளே, இலையில் பனி சொட்டுவதுபோல, ஜிங். அதற்கு அரை மாத்திரை முன், ஆஹா. அவர் பத்திரப்படுத்திய நாடாவிலேயே இத்தனை வருசமும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

நான் ஐயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எழும்பிப் போய்விடுவார், இனி வரமாட்டார், எல்லாம் என் விரலால் வந்த வினை என்று மனது அடித்துக்கொண்டது. ஐயா கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். கழற்றி மறுபடி துடைத்தார்.

"அது நான் இல்லை" என்றார்.

நானா நம்பவில்லை. "என்னது?"

"எனக்குத் தாளம் பிழைக்காது. நித்திரையிலயும் பிழைக்காது. சமம் வரமுன்னம் கத்துற ஆள் நான் இல்லை. அது நீர்தான்."

"நான்தான் எண்டு நான் எப்பவோ சொன்னன்!"

"சொன்னனீர். ஆனா இவ்வளவு பிழையாக் கத்தினது எண்டு சொல்லேல்லையே! பதினைஞ்சு வருசமா உம்மடை பிழையை நான் என்ர எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்கிறன். எத்தினை வித்துவான்மார் உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பினம்!"

"சிரிக்கட்டும், ஐயா." நானாவின் கண் பளபளத்தது. சிரிப்பா, மிளகாயா என்று எனக்குத் தெரியவில்லை. "பிழையோ சரியோ, நான் அங்க நிண்டனான்."

"நிண்டனீர். அதை ஆர் இல்லையெண்டது? தாளம் தெரியாமல் நிண்டனீர்."

வாசல் மிதிக்கமாட்டேன் என்ற கதையை இருவரும் எடுக்கவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை. நானா புத்தளத்திலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப ஒரு பிரதி அடித்துத் தரச் சொன்னார். நான் வெறுஞ்சீடி ஒன்றை எடுத்தேன். ஐயா குனிந்து, நானாவுக்குக் கேட்காது என்று நினைத்து, என்னிடம் மெல்லச் சொன்னார். "கசெற்றில அடிச்சுக் குடு, பிள்ளை. சீடியில மனுசன்ர பிழை அப்பிடியே தெரியும்."

"எனக்குக் கழுவினதுதான் வேணும்" என்றார் நானா மூட்டைக்குப் பின்னாலிருந்து. "பேர் தெளிவாக் கேக்கவேணும்."

"பேரோ? வெறும் ஆஹாதானே."

"பிள்ளையளுக்கு வாப்பாட ஆஹா தெரியும், ஐயா."

கொம்பியூட்டர் சீடியை அடிக்கத் தொடங்கியது. பாதியில் நின்றுவிடுமோ என்று நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஐயா மேசையில் தட்டி, நானா எந்த இடத்தில் கத்தியிருக்கவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். நானா முயன்று பார்த்தார். மூன்றாம் தரமும் முந்திவிட்டார்.