நோம்பிப் பாத்தி

செண்டுமல்லி இலையைக் கசக்கினால் ஒரு கார வாசம் வரும், எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. பொள்ளாச்சிக்குத் தெற்கே ஓர் அணைக்கட்டை ஒட்டி அரசாங்கம் போட்ட பூங்காவில் என் அப்பா காவலுக்கு இருந்த வருஷங்களில் அவர் சட்டை, துண்டு, சோறு கொண்டுபோகிற ‘தூக்குப்போசி’ எல்லாவற்றிலும் அந்த வாசம்தான் இருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு படித்தேன். அடுத்த வருஷத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பூங்காவுக்கும், ஜனங்கள் கட்டுச்சோறு கொண்டுவந்து உட்காருகிற ஆற்றங்கரைக்கும் பொறுப்பாக ஓர் அதிகாரி இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘பார்க் அய்யா’. காலையில் சைக்கிளில் ஒரு சுற்று வருவார், எச்சில் இலை கிடந்தால் தானே குனிந்து எடுத்துப் போடுவார், பிறகு அதைப் போட்டவரைத் தேடிப் பிடித்துத் திட்டுவார். குளிக்கிறவர்கள் ஆழத்துக்குப் போய்விடாமல் ஆற்றுக்குள் மூங்கில் நட்டுக் கயிறு கட்டினவர் அவர்தான். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சைக்கிள் மணி கேட்டால் அரளிச் செடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அப்பாவின் வேலை அப்போது நிரந்தரம் ஆகவில்லை. ஒரு புகார் வந்தால் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு இருந்த கொஞ்ச நிலமும் அணைத் தண்ணீருக்குள் போய்விட்டதால் அந்தக் காக்கிச் சட்டைதான் எங்களுக்குச் சோறு.

எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ‘பூப்பொறிக்கற நோம்பி’, பூப் பறிக்கிற பண்டிகை. பெண்களும் பிள்ளைகளுமாக முறுக்கும் கச்சாயமும் கட்டிக்கொண்டு, வண்டி பூட்டி, ஆவாரம்பூப் பூத்துக் கிடக்கிற காட்டுக்குப் போவோம். கூடை நிறையப் பூப் பறித்து, கும்மி கொட்டி, தின்றுவிட்டுப் பொழுதோடு வீடு திரும்புவோம். அன்றைக்கு வெறுங்கூடையோடு திரும்புவது ஆகாது. எங்கள் ஊர்க்காரர் பறிக்கிற ஆவாரங்காடு ஆற்றோரம் இருந்தது. அணையில் முழுசாகத் தண்ணீர் நின்ற முதல் தை அது. நிலம் போனதற்கு அழுதவர்கள்கூட ஆவாரங்காடும் அதோடு போய்விட்டதை நினைக்கவில்லை போலிருக்கிறது. வழக்கம்போல வண்டி கட்டிக்கொண்டு கரைக்கு வந்து இறங்கின பிறகுதான் பறிக்கப் பூ இல்லையென்று எல்லோருக்கும் உறைத்தது. பக்கத்தில் கம்பி வேலிக்குள் பூங்கா, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நின்றது.

மறுநாள் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. அதற்காகத்தான் அத்தனை பாத்தியும் பூக்க வைத்திருந்தார் பார்க் அய்யா. “ஒரு பூ குறையக் கூடாதுய்யா” என்று காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தார். நோம்பி என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. சொல்லவேண்டுமென்று அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, யாருக்கும் பயப்படாதவள். அவள்தான் முதலில் கேட்டுக்கு வந்தாள்.

“டேய் தம்பி, கேட்டைத் தொற.”

“அக்கா, இது கவருமெண்டுப் பூவு. பொறிச்சாப் பொல்லாப்பாயிரும்.”

“நம்ம காட்டையெல்லாம் முழுங்குன கவருமெண்டுக்கு நாலு பூவுக் குடுக்க வலிக்குதாக்கும்?”

பின்னாலிருந்து அம்மாவின் தங்கை, “ஏனுங் மாமா, காக்கி போட்டதும் ஒறம்பரையெல்லாம் மறந்துபோச்சுங்களா?” என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எதிரே நிற்பது அக்கா, கொழுந்தியாள், பங்காளி வீட்டு மருமகள். அப்பா யார்மேல் தடியை ஓங்குவார்? கேட்டைப் பிடித்தபடி நின்றார், அவர்கள் அவரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற அம்மாவும் வெறுங்கூடையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நானும் பறித்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பார்க் அய்யா வந்தார். பாத்திகளில் பச்சை மட்டும்தான் இருந்தது. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, “என்னய்யா, ஆடு பூந்துட்டா?” என்றார்.

“இல்லீங்க” என்றார் அப்பா.

பூங்காவுக்குள் பெண்கள் கொட்டிக்கொண்டிருந்த கும்மி நின்றுபோனது. தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அத்தைக்கும் விஷயம் புரிந்தது. அவள் முன்னால் வந்து, “அவனெ வேலைய உட்டு நிறுத்திப்போடாதீங்க சாமி. நாங்கதானுங்க அவனெத் தள்ளிப்போட்டு வந்தமுங்க. நோம்பிங்க. பூவில்லாம ஊட்டுக்குப் போகப்படாதுங்க” என்றாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“இத்தன வருசம் எங்க பறிச்சிய?”

அத்தை அணைக்குள் கையை நீட்டினாள். “அந்த மொட்டப் பாறை தெரியுதில்லீங்க, அதுக்கு இக்கட்டால.”

பாறைக்கு இந்தப் பக்கம் வெறும் தண்ணீர். பார்க் அய்யா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “புது நாத்து நடப்போறேன். பறிச்ச கைதான் அதுக்குத் தண்ணி ஊத்தணும். ஒருத்தி வரலைன்னாலும் விடமாட்டேன், பாத்துக்கிடுங்க” என்றார். அப்பாவிடம் திரும்பி, “நீரு காலைல வெள்ளன வாரும்” என்றார். காலையில் வரச் சொல்லிவிட்டார் என்றால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அம்மா அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் நடந்ததை அப்பா வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி காரைவிட்டு இறங்கியதுமே “காவலுக்கு யார்?” என்று சத்தம் போட்டாராம். அப்பா முன்னால் வருவதற்குள் பார்க் அய்யா, “பறிக்கச் சொன்னது நான்தாங்க” என்றாராம். அத்தனை பேருக்கு முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு நின்றாராம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அப்பா கேட்டதில்லை. அவரும் அதைப்பற்றிப் பேசினதில்லை.

நாற்று வேர்பிடிக்கும் வரை பெண்கள் தினமும் காலையில் குடம் சுமந்தார்கள். “நோம்பி கும்புட்டவளுகளத் தண்ணி செமக்க வெச்சுப்போட்டானே இந்த மனுசன்” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு அத்தைதான் முதல் ஆளாக வருவாள். அடுத்த தைக்கு முன்பே வேலியோரம் நீளமாக ஒரு பாத்தி எடுத்து, செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் நட்டு, கடைசியில் ஆவாரம் விதையும் தூவச் சொன்னார் பார்க் அய்யா. அப்பா அதற்கு ‘நோம்பிப் பாத்தி’ என்று பேர் வைத்தார். அந்தத் தை நோம்பியன்றைக்கு அய்யாவே கேட்டைத் திறந்துவிட்டார். அத்தை கொடுத்த கச்சாயத்தைத் தின்று பார்த்து, “எண்ணெய் சாஸ்தி” என்று சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் வேலையை நிரந்தரம் பண்ணிக் கொடுத்த பிறகு பார்க் அய்யாவுக்கு மாற்றல் வந்தது. வேறு ஊர்களிலும் பூங்கா, அருவிக்கரை என்று இதே வேலையில் இருந்துதான் ஓய்வு பெற்றார் என்று கேள்வி. இப்போது அவரும் இல்லை, அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை.

போன தையில் மகள் என்னையும் பேத்தியையும் காரில் அங்கே கூட்டிப்போனாள். சீட்டு வாங்கி உள்ளே போனோம். சிமெண்டு யானை, கலர் விளக்கு, ஐஸ்கிரீம் கடை எல்லாம் வந்திருக்கிறது. வேலியோரப் பாத்தி இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். வண்டி கட்டி வருகிற கூட்டமும் இல்லை. பேத்தி ஒரு ரோஜாவைத் தொடப்போனாள். நடுவயதுக் காவல்காரர் ஒருவர் ஓடிவந்தார். “அம்மா, தொட உடாதீங்க. கேமரா இருக்குதுங்க. நான் கான்ட்ராக்டு ஆளுங்க, நாளைக்கே நிறுத்திப்போடுவாங்க” என்றார்.

உங்களுக்கு மேலே இருக்கிற அதிகாரி எப்படிப்பட்டவர் என்று கேட்க நினைத்தேன். முன்பின் தெரியாதவரிடம் இந்த வயதிலும் எனக்குப் பேச்சு வராது. “தொடமாட்டாளுங்க, நீங்க பயப்படாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.