மழை அட்டை, வெயில் அட்டை

எங்கள் சபையில் மழைக்காக ஜெபம் பண்ணும்போதெல்லாம் அப்பா மட்டும் கண்ணை மூடமாட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. மரக்காணத்து உப்பளத்தில் பிழைக்கிறவர் மழை கேட்டு ஜெபிப்பது தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான். ஆனால் அதே சபையில், பெண்கள் பக்கம் முதல் பாயில், அம்மாவின் அக்கா, என் பெரியம்மா இருப்பாள். அவள் வாழ்க்கைப்பட்டது திண்டிவனம் போகிற வழியில், வானம் பார்த்த பூமி வைத்திருக்கும் குடும்பத்தில். அவளுக்கு மழை வேண்டும், எங்களுக்கு வெயில் வேண்டும். இரண்டு விண்ணப்பமும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பாஸ்டர் ஐயாவிடம் வந்து சேரும். அவர் பாவம், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, "உம்முடைய சித்தப்படியே ஆகட்டும் ஆண்டவரே" என்று முடித்துவிடுவார். கர்த்தர் சங்கடப்படாமல் தப்பித்துக்கொள்ள அவர் செய்யும் ஏற்பாடு அது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்த அப்பா, அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தன் பொறுப்பில் பாத்தி எடுத்திருந்தார். உப்பு நன்றாக விளைந்தால் அடுத்த வருஷமும் அது அவர் பாத்தி. இல்லாவிட்டால் பழையபடி கூலி. அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சோறு போட்டாள்.

புது வருஷத்தன்று காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது சபை வழக்கம். எவர்சில்வர் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி, வெள்ளைத் துணியால் மூடி, பாஸ்டர் ஐயா ஜெபித்துக் கொண்டுவருவார். ஒவ்வொன்றிலும் ஒரு வசனமும் அதற்கேற்ற படமும் இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை. எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்கக் கர்த்தர் அந்த வீட்டுக்குக் கொடுக்கிற வார்த்தை. வீட்டின் கடைசிப் பிள்ளைதான் எடுக்க வேண்டும், அந்தக் கைதான் பரிசுத்தமான கை என்பார்கள். அம்மா என் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். பரிசுத்தம் என்றால் அதுதான் என்று நானும் கையை எதன்மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

எடுத்துத் திருப்பினேன். கருமேகம், மழை, பச்சை வயல். ஏற்ற நேரத்தில் மழை தருவதாகக் கர்த்தர் சொல்கிற வசனம்.

பக்கத்தில் பெரியம்மாவின் கடைசிப் பையன் நின்றிருந்தான். ஐந்து வயது, எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அவன் தலைகீழாகப் பிடித்திருந்த அட்டையில் பெரிய மஞ்சள் சூரியன் இருந்தது. எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. கர்த்தர் இரண்டு வீட்டுக்கும் சரியாகத்தான் கொடுத்தனுப்பியிருக்கிறார், தட்டில் எங்கேயோ இடம் மாறிவிட்டது. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே ஜாடை. ஊர்க்காரர்களே மாற்றிக் கூப்பிடும்போது கர்த்தருக்கும் ஒரு தரம் குழம்பியிருக்கலாம்.

"டேய், ஒன்னுத எனக்குக் குடுடா. என்னுதுல பாரு, வயலெல்லாம் இருக்குது" என்றேன். கொடுத்துவிட்டான். மழை கேட்டவர்களுக்கு மழை, வெயில் கேட்டவர்களுக்கு வெயில். திருட்டு என்று எனக்குத் துளியும் தோன்றவில்லை. கர்த்தருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தேன், அவ்வளவுதான்.

பாஸ்டர் ஐயா அட்டைகளை வாங்கி ஒவ்வொரு வீடாக வாசித்தார். மழை வசனத்தைக் கேட்டதும் பெரியம்மா அங்கேயே அழுதுவிட்டாள். எங்கள் அட்டையை வாசித்தபோது அம்மா முகம் மலர்ந்தது. அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் அட்டையை அம்மா காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மாசியில் உப்பு பூத்தது. பங்குனியில் வரப்பெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அங்கே பெரியப்பாவோ, கிணறு அடிமட்டத்தில் கிடந்தும், வாக்குத்தத்தம்தான் வந்துவிட்டதே என்று, நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையை, வைத்திருந்த விதை மொத்தமும் நிலத்தில் போட்டுவிட்டார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முளைத்த செடி வாடுகிறது என்று பெரியம்மா விண்ணப்பம் வைத்தாள். சபை முழுக்க முழங்காலில் நின்று மழைக்காக ஜெபித்தது. பாதி ஜெபத்தில் கூரைமேல் யாரோ கல் எறிந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு பாஸ்டர் ஐயாவின் குரலே கேட்காத அளவுக்குக் கொட்டத் தொடங்கியது. ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். பெரியம்மா இரண்டு கையையும் உயர்த்தி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று தேம்பினாள். அப்பா வாசலில் கழற்றிய செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

மறுநாள் லாரி வருவதாக இருந்ததால் அம்பாரங்களை ஓலை போட்டு மூடியிருக்கவில்லை. கிடைத்த ஒரு தார்ப்பாயின் முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்தோம். காற்று அதைப் பிடுங்கிப் பக்கத்துப் பாத்தியில் போட்டது. உப்பு கரைவதற்குச் சத்தமே கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பாரம் குள்ளமாகிக்கொண்டு போனது. எனக்குத் தாங்கவில்லை.

"நாந்தாம்பா. அட்டைய நாந்தான் மாத்துனேன். மழ நம்ம வூட்டுக்குத்தான் வந்துது. அதான் தேடிக்கினு வந்துடுச்சி" என்று கத்தினேன்.

"தெரியும் பாப்பா" என்றார் அப்பா. "பார்த்துக்கினுதான் இருந்தேன்."

"அப்போ ஏம்பா என்னத் திட்டல?"

அவர் கரைகிற உப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் வெயிலுதான வேணும்னு இருந்துது."

அடி விழும் என்று காத்திருந்தவளுக்கு அது விழாததே பெரிய நிம்மதி. அவர் என்ன சொன்னார் என்று நான் யோசிக்கவே இல்லை. மழை விட்டதும் அப்பா சேற்றோடு கலந்து மிஞ்சியதைப் பலகையால் ஒதுக்கினார். அழவில்லை. அடுத்த வருஷம் அவர் மறுபடி கூலிக்குப் போனபோதும் அழவில்லை.

அந்த மழை கடற்கரைச் சாலையைத் தாண்டவில்லை. பெரியம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், நிலத்தில் புழுதி பறந்துகொண்டிருந்தது. பத்தே நாளில் மல்லாட்டை முளைத்தது முளைத்தபடியே காய்ந்தது. என் கணக்கு இடித்தது அங்கேதான். அட்டையை மாற்றியது நான், மழை எங்களைத் தேடி வந்தது நியாயம். ஒன்றுமே தெரியாத பெரியம்மாவை ஏன் காய வைக்க வேண்டும்? இன்றுவரை அதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. பதில் வைத்திருக்கிறவரோ நம்மிடம் வந்து விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறவர் இல்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. மாதாமாதம் அப்பமும் ரசமும் கொடுப்பார்கள், மனதில் குற்றத்தை வைத்துக்கொண்டு அதற்குக் கை நீட்டக் கூடாது என்பார்கள். பாஸ்டர் ஐயா அப்பத்தை எடுக்கப் போகும் நேரத்தில் அப்பா எழுந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கத்துக்கு நடந்து வந்து பெரியம்மாவின் முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து வெயில் அட்டையை எடுத்தார். சுவரிலிருந்து பிய்த்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது.

"இது உங்க அட்டைங்க அண்ணி. உங்ககிட்ட இருக்கறது எங்களுது. புது வருஷத்தன்னிக்கி கை மாறிடுச்சி. நான் கண்ணால பார்த்துட்டும் வாய மூடிக்கினு இருந்துட்டேன்."

என் பெயர் எப்போது வரும் என்று நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன். பெயர் வரவில்லை.

பெரியம்மா அட்டையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்த நம்பித்தான் தம்பி இருந்த வெதையெல்லாம் போட்டோம்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அப்பா தலை குனிந்தபடியே நின்றார். பாஸ்டர் ஐயாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஒரு பாட்டை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். பெரியம்மாதான் மறுபடி பேசினாள்.

"உங்க அம்பாரம் கரையறப்போ நான் இங்க நின்னு கையத் தூக்கி ஸ்தோத்திரம் சொல்லிக்கினு இருந்தேன். உங்கள ஒரு நிமிஷம் நெனச்சிப் பாக்கல. நீங்களும் என்ன மன்னிச்சிடுங்க தம்பி."

அட்டையை அவள் வாங்கிக்கொண்டாள். அப்பா தன் இடத்துக்குப் போய் முழங்காலில் நின்றார். அம்மா என் தலைக்கு மேல் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "ஜனவரிலேருந்து ஒரு மாசங்கூட கை நீட்டல இந்த மனுஷன். கேட்டா ஒடம்பு சரியில்லம்பாரு." நான் அதைக் கவனித்ததே இல்லை.

நான் எழுந்து போய் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தேன். பாஸ்டர் ஐயா வந்தார். அப்பா கை நீட்டினார். அப்பம் உள்ளங்கையில் விழுந்ததும் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியவர்களுக்கு நஷ்டம் உறைக்க இவ்வளவு நாள் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் காதருகே போய், "அழுவாதப்பா, வெயிலு நல்லா அடிக்குது. உப்பு மறுபடி வெளஞ்சிடும்" என்றேன்.

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.