மக்ரூன் மேல் நீந்திய மீன்

முத்தையாபுரத்துப் பிளாரன்ஸ் யார் என்றால், தோணியோட்டிய தாசனின் நடு மகள். தாய்வழியில் சங்குக்காரர் வீட்டுப் பேத்தி. புருஷன் ஜெனிஸ் கப்பலில் சமையல் பார்க்கிறான். பாதி வருஷம் கடல், மீதி வருஷம் வீடு. அவள் முன்னே துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை பார்த்தாள். பிள்ளை காய்ச்சலாகக் கிடக்கிறபோதும் லீவு கிடைக்காத வேலை. அதை விட்டுவிட்டுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

இணையத்தில் கடை போட்டிருப்பவர்களுக்கு அந்தக் கடையின் முகத்தை அலங்கரித்துக் கொடுக்கிறாள். எழுத்து எவ்வளவு பெரிசு, பட்டன் என்ன நிறம், படம் எந்த மூலையில், எல்லாம் அவள் கைவேலை. பக்கத்து வீட்டு ஜெயசெல்வி, “அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னத்தளா பாக்க?” என்று கேட்டால், “கடைகளுக்குப் பவுடர் பூசி விடுதேன்க்கா” என்பாள்.

அவள் கையில் மூன்று கடைகள். ஒன்று, தகப்பனாரின் அக்காள் விக்டோரியா அத்தையின் மக்ரூன் கடை. இன்னொன்று, தாயின் தம்பி மரியான் மாமாவின் கருவாட்டுக் கடை. மூன்றாவது, நாசரேத் பக்கத்து ஞானையா அண்ணாச்சியின் கருப்பட்டிக் கடை. அண்ணாச்சி சொந்தமில்லை, விக்டோரியா அத்தையின் சொல்லைக் கேட்டு வந்தவர். செலவு குறையட்டும் என்று மூன்று கடைகளையும் ஒரே கணக்கில் நடத்தினாள் பிளாரன்ஸ்.

அந்தக் கார்த்திகையில் மூன்றுக்கும் சேர்த்துப் புதிதாக ஒரு பிளகின் மாட்டினாள். கடையோடு செருகிக்கொள்ளும் சின்னக் கருவி அது. வாங்கியவர்கள் தங்கள் பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்க ஒரு பக்கம் காட்டும். மரியான் மாமாதான் முதலில் வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த நெத்திலி ஒன்றைத் திரையோடு சேர்த்துப் பிடித்தார்.

“இந்த மினுப்பு வரணும், பாத்துக்கோ. நீலம் கடல் மாதிரி இருக்கட்டும். பார்சல் போகப் போக ஒரு மீனும் கூடவே போவணும்.”

கேட்டபடியே செய்து கொடுத்தாள். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் விக்டோரியா அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“ஏளா பிளாரன்ஸ்! என் மக்ரூன் மேல மீன் நீந்துதுளா!”

“எங்கன அத்த?”

“இந்தா பாரு. பஹ்ரைன்ல இருந்து ஒருத்தன் கேக்கான், மக்ரூனும் கருவாடும் ஒரே பெட்டியிலயா வருதுன்னு. கேட்டதோட விட்டானா, ஆர்டரையும் வேண்டாம்னுட்டான். அவனப் பாத்து இன்னும் ரெண்டு பேரு. முட்ட வெள்ளக்கருவையும் முந்திரியையும் அடிச்சு, குசினியிலயே கெடந்து, பூ மாதிரி எடுத்து வைக்கேன். நீ அதுக்கு மேல மீன விட்டிருக்க!”

மீனின் நிறத்தில் இன்னும் கொஞ்சம் திருத்தம் சொல்ல வந்த மாமா அப்போது அங்கேதான் இருந்தார். “மயினி, என் கருவாட்டுல உங்க சீனி வாசம் அடிக்குன்னு நான் சண்டைக்கு வந்தேனா?” என்றார்.

“நீ வாய மூடுலே. உன் மீனுக்குத்தான் இம்புட்டும்.” அத்தை பிளாரன்ஸ் பக்கம் திரும்பினாள். “வெள்ளிக்கிழம காலைல கிறிஸ்மஸ் ஆர்டர் தொறக்கேன். அதுக்குள்ள சரியாவலன்னா, மெட்ராஸ் கம்பெனிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், அவன்ட்ட குடுத்துருவேன். சொந்தம்னு பாக்க மாட்டேன்.”

அத்தை சொன்னால் சொன்னதுதான். அவள் போனால் அண்ணாச்சியும் போவார். மாமாவின் ஒரு கடையை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. மறுபடியும் ஏஜென்சிக்காரன் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். பிளாரன்ஸ் பெட்டியை முன்னால் இழுத்து வைத்தாள்.

உட்கார்ந்தாள். மீனை எடுத்தாள். மக்ரூன் நிறத்தில் பக்கத்தை வெளுத்தாள், பட்டனுக்கு முந்திரி நிறம் கொடுத்தாள். அப்பாடா என்று காப்பி போட எழுந்தாள். அடுப்பு பற்றவைக்கும் முன்னே போன் அடித்தது. மரியான் மாமா.

“ஏளா, என் கருவாட்டுக்கு என்ன கல்யாணமா? வெள்ளையும் சள்ளையுமா உடுத்திக்கிட்டு நிக்கு!”

அவர் போனை வைத்தால் ஞானையா அண்ணாச்சி. அவர் அதட்டத் தெரியாத மனுஷர். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம கருப்பட்டிப் பக்கம் வெளுத்துப் போச்சு. சீனி கலந்திருக்குன்னு நெனச்சிருவாங்கம்மா.”

ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் கோணிக்கொண்டன. புதன்கிழமை முழுக்க இதே கூத்து. வியாழக்கிழமை காலையில் அவள் தாய் போன் செய்தாள்.

“மரியான் அங்கன வந்தானா?”

எரிச்சலில் இருந்தவள், “எந்த மரியான்?” என்றாள்.

“நம்ம சங்குக்காரர் வீட்டு மரியான்தான். தண்டல் வீட்டு மரியான் துபாய்ல கெடக்கான், பாய்க்காரர் வீட்டு மரியானுக்குக் கால் முறிஞ்சு கெடக்கு. வேற எவன் அங்கன வருவான்?”

அவர்கள் சொந்தத்தில் பாட்டன் பேரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். கோயில் வாசலில் நின்று வெறுமனே மரியான் என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுப் பேரை முன்னால் சேர்த்தால்தான் வேண்டிய ஆள் வருவான்.

பிளாரன்ஸ் போனைக் காதில் வைத்தபடியே திரையைப் பார்த்தாள். பிளகின் பக்கத்துக்கு அவள் எழுதிய வரி ஒவ்வொன்றும், பட்டனே நீ இந்த நிறம், தலைப்பே நீ இந்த அளவு என்று மொட்டையாக நின்றது. மூன்று கடையிலும் பட்டன் இருக்கிறது. வெறுமனே கூப்பிட்டால் மூன்றும் திரும்பாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு கடைப் பக்கத்தின் தலையிலும் அந்தக் கடையின் பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அவசரத்தில் அதைச் சேர்க்காமல் விட்டது அவள்தான்.

“அம்மா, நீ நல்லாருப்ப. போன வையி!”

“இவளுக்கு என்னமோ ஆயிட்டு” என்று தாய் போனை வைத்தாள்.

ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் கடைப் பெயரைச் சேர்த்துக்கொண்டே போனாள். விக்டோரியா வீட்டுப் பட்டன், மரியான் வீட்டுப் பட்டன், ஞானையா வீட்டுப் பட்டன். மகள் ஜெஸ்லின் பள்ளிக்கூடம் விட்டு வருமுன்னே மூன்று பக்கமும் தன் தன் நிறத்துக்கு வந்துவிட்டன. மீன் கருவாட்டோடு நின்றது, கருப்பட்டி மறுபடியும் கறுத்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அத்தை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். ஆர்டர்கள் வந்து விழத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து மெட்ராஸ்காரன் கூப்பிட்டான்.

“வேண்டாம் தம்பி. எங்க வீட்டுப் பிள்ளையே பாத்துக்கிடும்” என்று சொல்லி வைத்துவிட்டு, பிளாரன்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன்ளா, எழுத்த இம்புட்டுப் பொடிசாவா போடுவ? கண்ணாடி போட்டும் தெரியல.”

பிளாரன்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு எண்ணை மாற்றினாள். அத்தையின் எழுத்து மட்டும் பெரிசாயிற்று. மாமாவின் கடையை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு புள்ளி கூட அசையவில்லை.