பார்த்துக்கொண்டிருக்கச் சொன்ன நோய்

அஸர் தொழுகையின் நடுவில் அப்துல் ஸமத் உடுத்திருந்த சாரம் நனைந்தது. ஒரு சொட்டுச் சிறுநீர்தான். ஆனாலும் தொழுகைக்காகக் கழுவி எடுத்த ஒளு முறிந்தது முறிந்ததுதான். முன் வரிசையில் நின்ற மனிதர் தலையைக் குனிந்துகொண்டு ஆட்களை விலக்கி வெளியே வந்தார். அதிலிருந்து பள்ளிவாசல் பக்கம் போகவில்லை. பலாபத்வலயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற தன் கடையிலேயே, சாக்குகளுக்குப் பின்னால் தொழப் பாய் விரித்துக்கொண்டார்.

மனைவி நூருன்னிஸா, பள்ளிக்காரர்களோடு ஏதோ மனஸ்தாபம் என்றுதான் நினைத்தாள். அவர் தன் சாரத்தைத் தானே கழுவிக் காயப்போடத் தொடங்கியதும் விஷயம் விளங்கிவிட்டது.

"என்கிட்டயுமா மறைக்கிறீங்க?" என்றாள்.

"வயசுக்கு வாற வருத்தம். விடுங்க."

அவள் விடவில்லை. மௌலவியாக இருக்கிற தன் தம்பியிடம் கேட்டாள். அப்படி வருத்தமுள்ளவர் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதிதாக ஒளு எடுத்துத் தொழலாம் என்று அவர் சொன்னார். ஸமத் பள்ளிக்குப் போகச் சம்மதித்தார். டொக்டரிடம் போகத்தான் மனம் வரவில்லை. ஸமத்தின் மூத்த சகோதரர், நானா மீராசாஹிப்பும் இடுப்பு வலி என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தார். புரொஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் என்று தெரிந்தபோது எலும்பெல்லாம் பரவியிருந்தது. கடைசி மாதங்களில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியது ஸமத்தான்.

ஒருவழியாக மாத்தளையில் சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். புரொஸ்டேட்டின் நிலையைக் காட்டும் பீஎஸ்ஏ அளவு கூடியிருந்தது. "வீக்கத்தாலயும் கூடும். மருந்து குடிச்சிட்டுத் திரும்பப் பார்ப்போம்," என்றார் டொக்டர். திரும்பப் பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு கண்டிக்கு அனுப்பிச் சோதனைக்குச் சதை எடுத்தார்கள்.

முடிவு வரும்வரை வீட்டில் யாராலும் அவரோடு பேச முடியவில்லை. ஒரு நாள், ஈர மிளகு கொண்டுவந்த சுந்தரம்மாவை ஆட்கள் முன்னால் ஏசிவிட்டார். எத்தனையோ வருஷமாக அவருக்கே மிளகு கொடுத்த மனுசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாள். அவர் கூப்பிடவில்லை.

முடிவைக் கண்டி டொக்டர் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். புற்றுநோய்தான், ஆனால் சின்னது, மெதுவாக வளர்கிற வகை. இப்போது வெட்டத் தேவையில்லை; வெட்டினால் சிறுநீர்த் தொல்லை இன்னும் கூடலாம். சில மாதத்துக்கு ஒருதரம் இரத்தம் பார்த்தால் போதும். வளர்கிற மாதிரி தெரிந்தால் உடனே வைத்தியம் செய்யலாம். கடைசியாக இன்னொன்றும் சொன்னார்: குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்திருப்பதால், ஆண்பிள்ளைகள் நாற்பது வயதிலிருந்தே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் ஸமத் பொருமிக்கொண்டே வந்தார். "உள்ளுக்குப் புத்துநோய் ஈக்கிதாம். சும்மா விட்டுட்டு ஈக்கச் சொல்றாரு."

"சும்மா இல்ல. கவனிச்சிக்கிட்டு ஈக்கச் சொல்றாரு," என்றாள் நூருன்னிஸா.

"கவனிச்சா அது நிக்குமா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் அப்படிச் செய்கிறவள் இல்லை அவள்.

கட்டாரில் இருக்கிற மகன் ஜிப்ரிக்குச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை ஊர்க்கதை பேசியே போனை வைத்தார். மூன்றாவது தரம் சொல்லிவிட்டார்.

"வாப்பா, வலிக்குதா?"

"இல்ல மகன். நீ இரத்தம் பாரு. நாற்பது பொறக்கட்டும்னு ஈக்காத."

அடுத்த பரிசோதனையில் பீஎஸ்ஏ கணக்கு ஏறவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார், இரண்டு கிழமை நன்றாகத் தூங்கினார். பிறகு அடுத்த தேதி கிட்ட வரவர, முதுகில் சின்னப் பிடிப்பு வந்தாலும் நானாவின் இடுப்பு வலிதான் நினைவுக்கு வந்தது.